மாருதி 800: சூடானதும் நின்றுவிடுகிறது, உள்ளே பெட்ரோல் வாடை

ஜூன் 8, 2025

அப்பா ஓட்டிய வண்டி. 1996 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது) வைத்தது, 1,14,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக இரண்டு தொந்தரவு.

ஒன்று, காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது, இருபத்தைந்து முப்பது நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது, அதற்குப் பிறகு எந்த சிக்னலில் நின்றாலும் ஐடிலிங் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடுவது) மேலும் கீழும் அலைந்து, இரண்டு முறை குலுங்கி, ஆஃப் ஆகிவிடுகிறது. உடனே அடித்தால் எடுக்காது. பானெட்டைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் எடுத்துவிடும். நேற்று காளவாசல் சிக்னலில் பின்னால் மூன்று பஸ், நடுவில் நான்.

இரண்டு, வண்டிக்குள் பெட்ரோல் வாடை. கண்ணாடியை ஏற்றினால் அதிகம். மைலேஜும் 16-லிருந்து 11-க்கு வந்துவிட்டது.

மெக்கானிக் கார்புரேட்டரை இறக்கி, கழுவி, புது கிட் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பழைய கதை. இந்த இரண்டும் ஒரே கோளாறா, வேறு வேறா? எங்கிருந்து தேடுவது?

ஜூன் 9

ஐந்து பேர் கார்புரேட்டர்தான் கோளாறு என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வு சரியாக மூடாவிட்டால், பெட்ரோல் தேங்கும் ஃபுளோட் சேம்பர் நிரம்பி வழியும், வாடை வரும், வண்டி மூச்சுத் திணறி நிற்கும், எல்லாம் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று காலை பார்த்தேன். 800 கார்புரேட்டரில் ஃபுளோட் சேம்பருக்கு ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உண்டு, நடுவில் ஒரு குறி. எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் மட்டம் அந்தக் குறிக்குள் இருக்க வேண்டும். இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டி வந்து சூட்டோடு பார்த்தேன், அப்போதும் அங்கேயேதான். ஆஃப் செய்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன், எதுவும் சொட்டவில்லை. காற்றைக் குறைக்கும் சோக் பிளேட் முழுக்கத் திறந்து நிற்கிறது. சாவியைத் திருப்பினால், ஐடிலிங்குக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும் சாலினாய்டு "டிக்" என்கிறது.

ஆகவே கார்புரேட்டர் மேல் எனக்குச் சந்தேகம் குறைந்துவிட்டது. போகவில்லை, குறைந்திருக்கிறது.

ஜூன் 9, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போனது. காளவாசலில் நின்றபோது வண்டியைத் தள்ளி ஓரம் கட்டிவிட்டு, எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டேன். சற்று நேரத்தில் எடுத்துவிட்டது. அதனால் ஏர் லாக் என்றே நினைக்கிறேன்.

இது அப்பாவின் வைத்தியம். 1999 மே மாதம் கொடைக்கானல் போனபோது, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வழியில் வண்டி இழுக்காமல் நின்றது. குழாயில் பெட்ரோல் சூடாகி ஆவியாகிவிட்டால் பம்ப்பால் அதை இழுக்க முடியாது, ஆவியைத்தான் பிசைந்துகொண்டிருக்கும். அப்பா தோளில் கிடந்த துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, பம்ப்பைச் சுற்றிக் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோலப் போர்த்தினார். துண்டிலிருந்து ஆவி கிளம்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்து நிமிடத்தில் வண்டி எடுத்தது. பெருமாள்மலையில் டீ குடிக்கும்வரை அம்மா அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஜூன் 11

"தேடுவதெல்லாம் அப்புறம், முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான பேச்சு, அதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் வீட்டில் கார் நிற்கும் இடத்திலிருந்து ஆறடி தள்ளி துளசி மாடம், தினமும் சாயங்காலம் அம்மா அங்கே விளக்கேற்றுவார். இதை எழுதும்போதே வயிற்றைக் கலக்குகிறது. அம்மா பத்து நாளாகவே, "மாடத்துக்கிட்ட பெட்ரோல் வாடை வருதுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி ஓரமாக நிற்கிறது, அதனால்தான் என்று நான் விட்டுவிட்டேன்.

வண்டியைத் தள்ளித் தெருவோர வேப்பமரத்தடியில் விட்டாயிற்று. பேட்டரி நெகட்டிவ் கழற்றியாயிற்று. ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் வாங்கி சீட்டுக்கடியில் வைத்திருக்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் தயவுசெய்து ஒன்று வாங்குங்கள், கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஜூன் 14

கண்டுபிடித்துவிட்டேன். பின்பக்கம்.

டேங்க் மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த ரப்பர் ஹோஸ். மேலே பார்க்க ஒன்றுமில்லை. விரலால் லேசாக வளைத்தேன், வெயிலில் வெடித்த வயல் மாதிரி குறுக்கும் நெடுக்கும் கீறல். ஒரு கீறலின் ஓரத்தில் மண் ஈரமாக ஒட்டியிருந்தது, அதை நகத்தால் சுரண்டி முகர்ந்தால் நல்ல பெட்ரோல். ஃபுல் டேங்க் போட்ட நாட்களில் மட்டும் வாடை கூடியது ஏன் என்று இப்போது புரிகிறது. பக்கத்தில் இருந்த மெல்லிய வென்ட் ஹோஸும் கல்லாக இறுகிப் போயிருந்தது. இரண்டையும் கிளிப்போடு மாற்றினேன்.

ஜூன் 15

நேற்று எழுதியதில் பாதிதான் சரி. பின் சீட்டில் வாடை சுத்தமாகப் போய்விட்டது. முன் சீட்டில் இருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் ஜாலி வழியாகத்தான் வருகிறது, அதாவது எஞ்சின் பக்கம் இன்னொன்று இருக்கிறது. இரவு முழுக்க எஞ்சினுக்கடியில் தினத்தாளை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. வெளியே ஒழுகவில்லை, ஆனால் வாடை வருகிறது. எங்கே போகிறது அந்தப் பெட்ரோல்?

ஜூன் 18

தேனிக்காரர் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள்." ஐயா, உங்களுக்குக் கோடி நன்றி.

எஞ்சின் ஆயில் மட்டம் பார்க்கும் அந்தக் குச்சியை உருவினேன். மேல் குறியைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆயில். நான் மூன்று மாதமாக ஆயிலே ஊற்றவில்லை, அது எப்படி ஏறும்? விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பே இல்லை, மண்ணெண்ணெய் தொட்ட மாதிரி ஓடுகிறது. மூக்கருகே கொண்டு போனதும் கண் கரித்தது. ஒரு சொட்டைத் தினத்தாளில் விட்டுப் பார்த்தேன். நல்ல ஆயில் என்றால் கறுப்பாக ஒரு பொட்டு நின்று மெதுவாகப் பரவும். இது நிமிடத்தில் பரவி, கறுப்புப் பொட்டைச் சுற்றி அகலமாக ஒரு வெளிறிய வளையம் போட்டது.

பம்ப் டயாஃப்ரம். வேறு வழியே இல்லை.

ஜூன் 19

பம்ப்பை இறக்கியாயிற்று. மெக்கானிக் அண்ணனும் கூட இருந்தார். தெரியாதவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதில்லை. சிலிண்டர் ஹெட்டில் பொருத்தியிருக்கும், கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம் மேலும் கீழும் போய் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். அந்த டயாஃப்ரத்துக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் எஞ்சின் ஆயில் தெறிக்கும் இடம். நடுவில் இருப்பது ஒரு ரப்பர்த் தாள்தான். அது கிழிந்து, கீழே உள்ள சீலும் போய்விட்டால் பெட்ரோல் நேரே ஆயிலுக்குள் இறங்கும். சீல் நன்றாக இருந்தால் வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுத்திருக்கும். என் வண்டியில் இரண்டும் போயிருக்கிறது, அதனால்தான் தினத்தாளில் ஒன்றும் விழவில்லை. கழற்றிய ரப்பர் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து லேசாக இழுத்தால் மடிப்பில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு.

சரி, வாடை புரிந்தது. வண்டி ஏன் நின்றது? இரவெல்லாம் இதையே யோசித்தேன். ஆயில் சூடாக இருபது முப்பது நிமிடம் ஆகும். சூடானதும் அதில் கலந்த பெட்ரோல் ஆவியாகிக் கிளம்பும். அந்த ஆவி வால்வு கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸ் வழியாகத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே போகிறது. கார்புரேட்டர் கணக்காக அளந்து கொடுப்பது ஒரு பங்கு என்றால் இது கணக்கில் வராத இன்னொரு பங்கு. வேகமாகப் போகும்போது காற்று நிறைய உள்ளே வருவதால் தெரியாது. ஐடிலிங்கில் காற்று கொஞ்சம்தான், அங்கே மூச்சு முட்டி நின்றுவிடும். பிளக் மூன்றையும் கழற்றினேன், மூன்றும் கரி பூசி ஈரமாக இருந்தன.

இதைப் பம்ப் இறக்கும் முன்பே சோதித்துப் பார்த்தோம். திறந்தவெளியில் எஞ்சினைச் சூடாக்கி, குலுங்க ஆரம்பித்ததும் அண்ணன் பிரீதர் ஹோஸை ஏர் கிளீனரிலிருந்து உருவி, ஏர் கிளீனர் பக்க ஓட்டையை அடைத்தார். பத்து எண்ணுவதற்குள் ஐடிலிங் நேராகிவிட்டது. திரும்பச் சொருகினார், திரும்பக் குலுங்கியது.

இன்னொன்று. நின்ற பிறகு ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் சில தடவை எடுத்திருக்கிறது. ஏர் லாக் என்றால் எடுத்திருக்காது, அங்கே பெட்ரோலே வராதே. பெட்ரோல் மிஞ்சிப்போன எஞ்சின்தான் அப்படிக் காற்றுக் கொடுத்தால் எடுக்கும். இந்தத் துப்பு என் கையிலேயே இருந்தது.

ஜூன் 19, பிற்பகல்

முக்கியமான ஒன்று. ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் பம்ப் மாற்றினால் மட்டும் போதாது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். அந்த ஆயிலுக்குப் பேரிங்கைக் காப்பாற்றும் சக்தி கிடையாது. எஞ்சின் போய்விடும்.

ஜூன் 22

புது பம்ப் கிடைப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, ஆனால் 2000 வாக்கிலிருந்தே எம்பிஎஃப்ஐ (கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்துவிட்டதால் கார்புரேட்டர் வண்டிச் சாமான்கள் அதற்கும் முந்தைய காலத்தவை. மதுரையில் முதலில் கிடைத்த பம்ப் பெட்டியில் பேர்கூட இல்லாத டூப்ளிகேட். போட்டதும் ஃபுளோட் கண்ணாடியில் மட்டம் குறியைத் தாண்டி மேலே ஏறியது. அழுத்தம் அதிகம், நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு வருகிறது. உடனே கழற்றிவிட்டோம். சென்னையில் இருக்கும் மச்சான் புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து பழைய கடை ஒன்றில் பெட்டி பிரிக்காத பம்ப் எடுத்து அனுப்பினார். அதோடு சேர்த்து ஹெட்டுக்கும் பம்ப்புக்கும் நடுவில் வரும் பேக்கிங்கையும் அனுப்பச் சொன்னேன். அந்தப் பேக்கிங் கனம் மாறினால் பம்ப் ஓடும் அளவும் மாறும், கையில் கிடைத்த அட்டையை வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றினேன். மீட்டருக்கு இவ்வளவா என்று தோன்றும், போகட்டும்.

ஜூன் 23

எத்தனால்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதியவருக்கு. பாதி ஒத்துக்கொள்கிறேன். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1996-ல் இந்த ரப்பர்களை அச்சில் வார்த்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. எத்தனால் பட்டால் பழைய ரப்பர் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு இன்னும் கெடுதல். டேங்கில் இருபது வருடம் படிந்த அழுக்கையும் கரைத்துக்கொண்டு வரும். ஃபில்டர் மாற்றியபோது உள்ளே டீத்தூள் மாதிரி இருந்தது.

கலவைக் கணக்கும் மாறும். வெறும் பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். எம்பிஎஃப்ஐ வண்டி சென்சார் வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, ஜெட் (பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை) அளவு என்னவோ அதுதான். அதனால் ஐடிலிங்கில் பெட்ரோல் குறைந்த கலவையாகி, காலைக் குளிரில் தடுமாறும். ஐடிலிங்கில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்தபின் என் வண்டியில் அந்தத் தடுமாற்றம் போய்விட்டது.

மீதிப் பாதி ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அந்த டயாஃப்ரத்துக்கு இருபத்தொன்பது வயது. எந்தப் பெட்ரோல் ஊற்றியிருந்தாலும் ரப்பர் ரப்பர்தான்.

ஜூலை 1

ஒன்பது நாள், 240 கி.மீ. வாடை இல்லை. சிக்னலில் தையல் மிஷின் மாதிரி நிற்கிறது. குச்சியில் மட்டம் அசையவில்லை. மைலேஜ் 15. எல்லாருக்கும் நன்றி. முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஜூலை 6

முடியவில்லை. இன்று திருமங்கலம் போய்த் திரும்பும்போது, ஐம்பதில் போய்க்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது. வாடை துளியும் இல்லை. குலுங்கவும் இல்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி. இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எடுத்தது. மனது விட்டுப்போயிற்று.

ஜூலை 7

மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெட்ரோல் போனா இருமிட்டு சாகும். கரண்ட் போனா சொல்லாம சாகும்."

முதல் பதிவில் நான் எழுதியது இருமல். நேற்று நடந்தது சொல்லாமல் போனது. ஆக இது வேறு கோளாறு. இரண்டும் ஒன்றா என்ற என் முதல் கேள்விக்கு, எஞ்சின் பக்க வாடையும் முதலில் இருந்த நிற்றலும் ஒன்று (பின்பக்க ஹோஸ் வாடை தனி), இப்போது வந்திருப்பது இரண்டாவது. முன்பே இருந்து அதற்குள் ஒளிந்திருந்ததா, புதிதாக வந்ததா என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஈரத்துணி பற்றி எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். அன்று காளவாசலில் வண்டி எடுத்தது துணியால் இல்லை, கால் மணி நேரம் காத்திருந்ததால். பம்ப் கிழிந்திருந்தபோது துணி என்ன செய்யும்? துணி போடாமல் எவ்வளவு நேரத்தில் எடுக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஜூலை 13

அண்ணனிடம் டைமிங் லைட்டை இரவல் வாங்கி வண்டியிலேயே வைத்திருந்தேன். பிளக்கைக் கழற்றி பாடியில் ஒட்டவைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம், ஆனால் பெட்ரோல் வாடை வந்த வண்டியில் திறந்த பொறியை உண்டாக்க எனக்கு மனம் வரவில்லை. டைமிங் லைட்டை ஒயர் மேல் கவ்வ வைத்தால் போதும், ஒயரில் கரண்ட் பாய்ந்தால் லைட் மின்னும்.

இன்று பழங்காநத்தம் அருகே நின்றது. காயிலிலிருந்து (பேட்டரி கரண்டைப் பொறி வரும் அளவுக்கு ஏற்றிக் கொடுப்பது) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் (அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) போகும் ஒயரில் கவ்வ வைத்தேன், தம்பி செல்ஃப் அடித்தான். ஒரு மின்னல்கூட இல்லை. ஃபுளோட் கண்ணாடியில் பெட்ரோல் நிற்கிறது. காயிலைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. கழுத்தருகே பிசுபிசுவென்று எண்ணெய் கசிந்து அதன் மேல் புழுதி அப்பியிருக்கிறது.

அப்பாவின் துண்டு ஞாபகம் வந்தது. சாவியை எடுத்துவிட்டு, துணியை நனைத்து, சொட்டாமல் நன்றாகப் பிழிந்து, ஒயர் முனைகளில் படாதபடி காயில் உடம்பை மட்டும் சுற்றினேன். நான்கு நிமிடம், கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அடித்ததும் லைட் மின்னியது. வண்டி எடுத்தது. முந்தின தடவை துணி இல்லாமல் இருபது நிமிடம். வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு தடவை நின்றது, அதே துணி, ஐந்து நிமிடம்.

ஜூலை 14

சூடானதும் கைவிட்டது காயில்தான். புதுக் காயில் போட்டாயிற்று. கேட்டவருக்கு: ஆமாம், பழைய காயிலுக்கு உரிய அதே வகைதான் வாங்க வேண்டும், கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் ரெசிஸ்டன்ஸ் வேறாக இருக்கும். பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

ஆகஸ்ட் 3

தேனி போய் வந்தேன். போக வர 150 கி.மீ. உசிலம்பட்டியில் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு உடனே எடுத்தேன். ஆண்டிப்பட்டி கணவாயில் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறினேன். வேண்டுமென்றே செய்ததுதான், நிற்பதாக இருந்தால் அங்கே நின்றிருக்கும். நிற்கவில்லை. குச்சி சொன்ன ஐயாவைத் தேனி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சந்தித்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் முதல் வேலையாகப் பானெட்டைத் திறக்கச் சொல்லி, குச்சியை உருவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் டீயைக் கையில் எடுத்தார்.

ஆகஸ்ட் 24

விற்றுவிடலாமே என்று கேட்டவர்களுக்கு. அடுத்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை இந்த மாதம் 10,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள், முன்பு 5,000. கட்டுவேன்.

வண்டி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. துளசி மாடத்தை மட்டும் கொல்லைப் பக்கம் மாற்றிவிட்டோம், அம்மாதான் சொன்னார். சாயங்காலம் விளக்கேற்ற வரும்போது வண்டியருகே ஒரு நிமிடம் நின்று, மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.